தினமும் மதியம் உலகம் அழிகிறது

ஜூலை 3, திங்கள்

டாக்டரம்மா சொல்லிவிட்டார். சுடர்விழி இனிமேல் படுக்கையை விட்டு எழக் கூடாது. குளியலறைக்குப் போகலாம், வரலாம், அவ்வளவுதான். மாடிப்படி இறங்கக் கூடாது, கம்ப்யூட்டர் வேலை கூடாது, கரூரில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போகிற யோசனையும் கூடாது. கார் குலுக்கல் ஆகாதாம். ஆக, மருமகள் எங்களோடு பாளையங்கோட்டையிலேயே இருப்பாள். மகன் நாயகம் மஸ்கட்டிலிருந்து தினமும் மூன்று தடவை போன் செய்கிறான். மூன்று தடவையும் ஒரே கேள்வி.

வேலைகளைப் பிரித்தது என் மனைவி வடிவு. சமையல், மருந்து, சாமி மூன்றும் அவளுக்கு. சுடர் எழுந்துவிடாமல் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது எனக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் கிளைம் பிரிவில் இருந்து, எரிந்த பஞ்சாலைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் சர்வே செய்தவனுக்குக் கடைசியில் வாட்ச்மேன் உத்தியோகம்.

இன்னொரு உத்தரவும் இருக்கிறது. சுடர் மாசமாக இருப்பது வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. கண் பட்டுவிடும். யார் கேட்டாலும் இடுப்பு வலி, டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். "வீட்டுக்குள்ளயும் அந்தப் பேச்சே வேண்டாம், சொல்லிட்டேன்" என்றாள் வடிவு. எனவே வீட்டுக்குள்ளும் எங்கள் மருமகளுக்கு இடுப்பு வலிதான்.

போன தடவை நடந்ததைப் பற்றி இந்த வீட்டில் பேசுவதில்லை. நானும் எழுதப் போவதில்லை.

ஜூலை 5, புதன்

டி.வி.யை சுடர் அறைக்கு மாற்றியாயிற்று. சீரியல் போடட்டுமா என்று கேட்டேன்.

"சீரியல்ல எல்லாரும் உக்காந்து அழுவாங்க மாமா. உலகம் அழியற படமாப் போடுங்க, அதுல எல்லாரும் ஓடுவாங்க. எனக்கு யாராச்சும் ஓடுறதப் பாத்தாப் போதும்" என்றாள்.

முதல் படம் இன்று பார்த்தோம். வானத்திலிருந்து மலை அளவுக்கு ஒரு கல் பூமியை நோக்கி வருகிறது. கண்டுபிடித்த விஞ்ஞானி தொண்டை வற்றக் கத்துகிறான், ஒருவரும் நம்பவில்லை. அவன் சவரம் செய்துகொண்டு போயிருந்தால் நம்பியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். பிறகு ஊரே ஓடுகிறது. ஒருத்தனாவது கேஸை மூடினானா, வீட்டைப் பூட்டினானா என்றால் இல்லை. எல்லார் வீட்டிலும் தீப்பிடிப்பதில் என்ன ஆச்சரியம்? மேம்பாலத்தில் வரிசையாக எரிந்த கார்களைப் பாலிசியில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று படம் முடிந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் பேச வைத்திருந்தார்கள். பூமி பிளக்கிற நேரத்தில் அமெரிக்க ஜனாதிபதி ராணுவத் தளபதியிடம், "செம காண்டுல இருக்கேன் மச்சி" என்கிறார். சுடர் வெகுநேரம் சிரித்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்க மறந்துவிட்டோம். போன் செய்து கேட்டேன். சிரிக்கலாமாம்.

ஜூலை 8, சனி

கடல் பொங்கி ஊருக்குள் வரும் படம். வேறு போடு என்றேன். சுனாமி வந்த வருஷம் கடற்கரையோரம் கிளைம் பார்க்கப் போனவன் நான். சுடர் ஒன்றும் கேட்காமல் மாற்றிவிட்டாள்.

ஜூலை 12, புதன்

எதிர்வீட்டு வேதமாணிக்கம் சார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று தேடிக்கொண்டே இருப்பார். இன்று காலை எண்ணெய்க் குப்பியும் கையுமாக ஒரு வைத்தியரை அழைத்து வந்துவிட்டார்.

"டிஸ்க்குக்கு இவரத் தாண்டி ஆளே கிடையாது சார். நம்ம ஸ்கூல் கபடி டீமுக்கே இவர்தான். ஒரு இழுப்பு, ஒரு தட்டு, சோலி முடிஞ்சுது."

வைத்தியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "பிள்ளையக் குப்புறப் படுக்கச் சொல்லுங்க" என்றார்.

வடிவு கரண்டியோடு வந்து அறை வாசலில் நின்றாள். அவளுக்குக் குப்புறப் படுத்தால் மூச்சு முட்டும் என்றாள். அப்படியென்றால் ஒருக்களித்துப் படுக்கட்டும் என்றார் வைத்தியர். ஒருக்களித்தால் தலை சுற்றும் என்றாள். மல்லாந்து? எண்ணெய் ஆகாது. எந்த எண்ணெய்? எந்த எண்ணெயும் ஆகாது. அப்புறம் அவளாகவே, "இவருக்குத்தான் முட்டி வலி, இவருக்குப் பாருங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வைத்தியர் வந்ததற்கு என் முட்டியை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனார். இப்போதுதான் எனக்கு உண்மையாகவே முட்டி வலி.

ஜூலை 16, ஞாயிறு

எதிர்காலத்தைக் காட்டும் படம். ஆயிரம் வருஷம் கழித்து மனிதர்கள் எல்லாரும் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி உடை போட்டிருக்கிறார்கள். சோற்றுக்குப் பதில் மாத்திரை. யாருக்கும் கோபம் வருவதில்லை, யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. மாத்திரைக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் தராதபோதும் அவர்களுக்குக் கோபம் வரவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

வடிவு இந்தப் படங்களைப் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்று அவள் சொல்கிறாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு அறை வாசலில் நிற்பாள். நின்றுகொண்டு பார்த்தால் பார்த்ததாக ஆகாது என்பது அவள் சட்டம். இன்று முக்கால் படம் நின்றாள்.

"துணி துவைக்க ஆள் கிடைக்கல போல. அதான் அழுக்குத் தெரியாத கலராப் போட்டுக்கிட்டுத் திரியுதானுவ" என்றாள்.

இந்த வகைப் படங்களைப் பற்றி இதைவிட நல்ல விமரிசனம் நான் கேட்டதில்லை. இன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மாத்திரை தேவலாம் என்று சொல்ல வந்து, சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஜூலை 19, புதன்

ஆடி பிறந்துவிட்டது. நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. உலகம் அழிவதற்கு ஆடியில் தடையில்லை போலிருக்கிறது. இன்று இரண்டு தடவை அழிந்தது.

ஜூலை 24, திங்கள்

செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கிற படம். பத்து நிமிஷத்தில் வடிவு உள்ளே வந்து டி.வி.க்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"என்னத்தப் போட்டுக் காட்டுதிய அவளுக்கு? உள்ள இருக்கதுக்குக் காது கேக்காதா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் போட்ட உத்தரவை அவளே மீறிவிட்டாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தோம்.

கடைசியில் சமரசம் ஆயிற்று. படம் பார்க்கலாம், சத்தம் மட்டும் கூடாது. அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் உலகம் கிசுகிசுப்பாக அழிகிறது. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். ஜனாதிபதியின் தமிழிலிருந்து தப்பித்தோம்.

செத்தவர்களைப் பற்றி என் குறைகளை இங்கே எழுதிவைக்கிறேன். அவ்வளவு மெதுவாக நடக்கிறவனிடம் இவ்வளவு வேகமாக ஓடுகிறவன் எப்படி மாட்டுகிறான்? கடி வாங்கியவன் அதை ஏன் சட்டைக்குள் மறைக்கிறான்? கூட இருப்பவர்களிடம் சொல்லித் தொலைத்தால் பாதிப் படத்தில் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள். மறைத்து மறைத்தே ஊரைக் கெடுக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது சுடர் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "என்னம்மா" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க மாமா, எனக்கு இடுப்பு வலி" என்றாள்.

ஜூலை 31, திங்கள்

இன்றைய கதாநாயகன் முன்ஜாக்கிரதைக்காரன். உலகம் அழியப்போவது தெரிந்து பூமிக்கடியில் அறை கட்டி, டின் டின்னாகச் சாப்பாடு, மருந்து, போர்வை, பேட்டரி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறான். ஊர் சிரிக்கிறது. கடைசியில் அவன் குடும்பம்தான் மிஞ்சுகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு பாலிசிதாரர் வாய்த்ததில்லை.

இந்த வீட்டில் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு சின்னத் துணிகூட வாங்கவில்லை. முன்கூட்டி வாங்கக் கூடாது என்பது வழக்கம்; போன தடவைக்குப் பிறகு அது வழக்கத்துக்கு மேலே போய்விட்டது. கடைவீதியில் சின்ன மெத்தையும் கொசுவலையும் தொங்குகிற கடைப்பக்கம் வந்தால் வடிவு எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள்.

மாலையில் பீரோவிலிருந்து என் பழைய மல்வேட்டி இரண்டை எடுத்துச் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயப்போட்டேன். வடிவு என்னவென்று கேட்டாள். தரை துடைக்க என்றேன். தரை துடைக்கிற துணியை யாராவது வெந்நீரில் அலசுவார்களா என்று அவள் கேட்கவில்லை. மழை தூறியபோது அவள்தான் ஓடிப்போய் முதலில் அந்தத் துணிகளை எடுத்தாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வேற்றுக்கிரகத்து ஆட்கள் பூமிக்கு வருகிறார்கள். வழக்கம்போல் அமெரிக்காவுக்குத்தான் வருகிறார்கள். இங்கே எங்கள் சமாதானபுரத்தில் இறங்கினால் தெரியும். யார் வீட்டுக்கு வந்திருக்கிய, எந்த ஊரு, சாப்டாச்சா என்று கேட்டே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

படத்தில் பாதியில் ஒரு லிஃப்ட். கரண்ட் போய்விடுகிறது. உள்ளே நிறைமாதப் பெண். இவர்களுக்கு வேறு நேரமே கிடைப்பதில்லை. பூகம்பமோ எரிமலையோ எதுவானாலும் அந்த நிமிஷத்தில்தான் ஒருத்திக்கு வலி எடுக்க வேண்டும். கூட மாட்டிக்கொண்டவன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். அவன்தான் பிரசவம் பார்க்கிறான். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அபத்தம் என்று சொல்லி ரிமோட்டை எடுத்து ஓட்டப் போனேன்.

"விடுங்க மாமா, பாக்கலாம்" என்றாள் சுடர்.

பார்த்தோம். சத்தமில்லாததால் அது அழுததா என்று தெரியவில்லை. ஆனால் வாயைத் திறந்தது, கையை ஆட்டியது, எல்லாரும் சிரித்தார்கள்.

"படத்துல மட்டும் எப்பவும் பொழச்சுக்குதுங்க மாமா" என்றாள்.

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே வடிவு நின்றுகொண்டிருந்தாள். அவளும் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஸ்கேன். இதற்கு மட்டும் படி இறங்க டாக்டரம்மா அனுமதி தந்திருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் தடவை கேட்கப் போனபோது வடிவு என் காலை மிதித்தாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலயந்திரப் படம். ஒருவன் திரும்பத் திரும்பப் பின்னால் போய் நடந்ததை மாற்றப் பார்க்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

மதியம் படம் ஓடிக்கொண்டிருந்தது. பூமி உறைந்துபோய், ஜனங்கள் பனியில் நடந்துகொண்டிருந்தார்கள். இத்தனை தூரம் நடக்கிறவர்கள் மூட்டையில் ஒரு ஃபிளாஸ்க்கூட வைத்துக்கொள்ளவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சுடர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, படத்த நிறுத்துங்க. அத்தையக் கூப்பிடுங்க."

நான் கூப்பிட்டது எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. வேதமாணிக்கம் சார் இஸ்திரி போடுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "டிஸ்க்கு பேஷண்ட வளைக்கக் கூடாது, பலகையில வச்சுக் கட்டித்தான் எறக்கணும்" என்றார். வடிவு பலகையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் அவரும் மாடிப்படி வழியே இறக்கினோம். எழுபது வயதில் அந்த மனுஷருக்கு அப்படி ஒரு பலம்.

அவர் காரிலேயே கிளம்பினோம். பின்னால் வடிவு மடியில் சுடர். முன்னால் நான், திரும்பி உட்கார்ந்து சுடரின் கையைப் பிடித்திருந்தேன். சார் பிரமாதமாக ஓட்டினார். இதற்குமுன் ஐந்தாறு படங்களில் இப்படி ஓட்டுகிறவர்களைக் குறை சொல்லியிருக்கிறேன். கார் நின்றபோதுதான் முன்னால் பார்த்தேன். எதிரே பெரிய போர்டில் ஒரு எலும்புக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள்.

"சார், இது எந்த ஆஸ்பத்திரி?"

"எலும்பு டாக்டர்ட்டதான். ஏறும்போதே போன் போட்டுட்டேன் சார். டிஸ்க்குக்கு இங்க உள்ள மிஷின் வேற எங்கயும் கிடையாது."

வடிவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்த நேரத்திலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சுடரின் கை என் கையை நெரித்தது.

"சார், அவளுக்கு டிஸ்க் இல்ல. மாசமா இருக்கா. ஏழாம் மாசம். போன வருஷம் ஒண்ணு தங்கல" என்றேன்.

இந்த வீட்டில் யாரும் சொல்லாத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எலும்பு ஆஸ்பத்திரி வாசலில் சொல்லியாயிற்று. ஸ்ட்ரெச்சர்காரர்கள் கதவைத் திறக்க, வேதமாணிக்கம் சார் அதை இழுத்துச் சாத்திக்கொண்டு காரைத் திருப்பினார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பாலம் தாண்டியதும்தான் பேசினார்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா சார். நான் அந்த ஆளக் கூட்டிட்டு வந்து குப்புறப் படுக்கச் சொல்லிட்டேனே" என்றார்.

டாக்டரம்மா உடனே ஆபரேஷன் என்றார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை. அந்தச் சொல்லை எழுதிவிட்டேன். ஒன்றேகால் கிலோ இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் போகட்டும், அதற்குமுன் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

ஆகஸ்ட் 26, சனி

ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

குழந்தை தானாக மூச்சு விடுகிறது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

வேதமாணிக்கம் சாரின் மனைவி ஞானமணி டீச்சர் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து நேரே ரசஞ்சாதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மன்னிக்கணும், உங்களிடம் மறைத்துவிட்டோம் என்று வடிவு ஆரம்பித்தாள்.

"என்னத்த மறச்சிய?" என்றார் டீச்சர். "ஜூன் மாசமே எனக்குத் தெரியும். மூணு பிள்ள பெத்தவளுக்கு மொகத்தப் பாத்தாத் தெரியாதா? கீழ்வீட்டு அம்மாவுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். நீங்க இடுப்பு வலின்னிய, சரி, பயப்படுதாங்கன்னு நாங்களும் இடுப்பு வலின்னே வச்சுக்கிட்டோம். கோயில்ல ஜெபத்துல மட்டும் உள்ளதச் சொல்லிட்டோம்."

"சாருக்குத் தெரியாதே" என்றேன்.

"அவருட்ட யாரு சொல்லுவா? சொன்னா சாயங்காலமே வளைகாப்புக்குப் பந்தல் போட்டுருவாரே."

ஊரே எங்களுக்காக நடித்திருக்கிறது. நான் பார்த்த எந்தப் படத்திலும் இவ்வளவு நன்றாக யாரும் நடிக்கவில்லை. வடிவு ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டே அழுதாள். இரண்டு மாதமாகப் பாக்கி வைத்திருந்த அழுகை. அழுது முடித்து, உப்பு கொஞ்சம் கம்மி என்றாள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து யாராவது வெறும் நெஞ்சோடு அணைத்துவைத்திருக்க வேண்டுமாம். உடம்புச் சூட்டில்தான் எடை ஏறுமாம். சுடருக்குக் காய்ச்சல். நாயகத்தின் விமானம் நாளைக்குத்தான். வடிவு அழுது அழுது ஜலதோஷம் பிடித்து, அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "தாத்தா, கை கழுவிட்டு வந்து சட்டையக் கழட்டுங்க" என்றாள்.

பஸ்ஸில் யாராவது தாத்தா என்று கூப்பிட்டால் சண்டைக்குப் போகிறவன் நான். இன்று ஒன்றும் சொல்லாமல் பொத்தான்களைக் கழற்றினேன். மூன்று நர்சுகளும் ஒரு டாக்டரும் நடமாடுகிற அறையில், நரைத்த நெஞ்சும் தொந்தியுமாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்துங்கள், கையைக் கீழே கொடுங்கள் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து என் நெஞ்சில் நிமிர்த்திவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டினாள். கனமே இல்லை. ஆனால் சூடு தெரிந்தது. என் எலும்பின்மேல் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஜூலையிலிருந்தே எனக்குப் பயம்தான். அதைச் சொல்ல ஆளில்லாமல்தான் அந்த விஞ்ஞானியின் தாடியையும் ஜனாதிபதியின் தமிழையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒரு கையை எடுத்து என் நெஞ்சு மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. வலித்தது. என் மூக்கும் அரித்தது. சொறியாமல் இருந்தேன்.